ஒரு குப்பிக்குப் பத்துப் பேரு

பேரு சசிதரன். வயசு இருபத்தி நாலு. இருக்கறது திருப்பூர், ஒரு பனியன் கம்பெனி ரூமு. கம்பெனி பூட்டிக் கெடக்கு. தட்டி எழுதுனா விடிஞ்சிரும்னு வாயாலயே சொல்லி ஏத்துறது இது. குடும்பக் குரூப்புல இருக்கற சித்தப்பா, பெரியம்மா, கோயமுத்தூர் மாமா, எல்லாரும் கொஞ்சம் பொறுமையா படிங்க. ஆளாளுக்கு எழுதிட்டே இருக்கீங்க, "அன்னக்கிளி மக பெத்த தாய்க்கே சாவு மோளம் அடிச்சுட்டா"ன்னு. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு உங்கள்ல ஒருத்தரும் ஒரு போன் போட்டுக் கேக்கல. கேட்டுட்டு அப்புறமா திட்டுங்க.

தீவு லயம் தெரியாதவங்களுக்கும் சொல்லணும். தேவர்சோலையில இருந்து மேல ஏறிப் போனா, ஜீப்பு பாதை முடியற எடத்துல ஓடை ரெண்டா பிரிஞ்சு கொஞ்ச தூரம் போயி மறுபடி ஒண்ணா சேரும். அந்த நடுத்திட்டுல தான் தேயிலை எஸ்டேட்காரங்க கட்டுன வரிசை வீடு, லயம். சிலோன்ல இருந்து கப்பல்ல ஏத்தி அனுப்புன சனத்தைக் கொண்டாந்து குடி வெச்சது. "ஒரு தீவுல இருந்து முடுக்கி விட்டு இன்னொரு தீவுல கொண்டாந்து போட்டானுங்க"ன்னு அந்தக் காலத்து ஆளுங்க சொல்லிச் சொல்லி, பேரே அப்பிடி நின்னு போச்சு. மழை புடிச்சா மரப்பாலம் முங்கும், வண்டி வராது. மழை விட்டா யானை நிக்கும், அப்பவும் வண்டி வராது. வராததுக்குக் காரணம் மட்டும் வருசம் பூரா தவறாம வந்துரும்.

அந்த லயத்துல ஓரத்துக் காம்பராவுல, ஓரத்து வீட்டுல, அன்னக்கிளி, மக இந்துமதி, ரெண்டே பேரு. அன்னக்கிளிக்கு சக்கரை. பாதத்துல ஆறாத புண்ணு. கொழுந்து மலைக்குப் போறத விட்டுட்டா, பத்தடி ஏறுனா மூச்சு இரைக்கும். இந்துமதிக்கு பிள்ளைக் காம்பராவுல வேலை. கொழுந்து எடுக்கப் போற பொம்பளைங்க கைக்கொழந்தைய விட்டுட்டுப் போற எடம் அது. மூக்கு சிந்தி விட்டு, கஞ்சி ஊட்டி, தூங்க வெச்சு, சாயங்காலம் தாய்மாருக்கிட்ட ஒப்படைக்கணும். இருபத்தி ஆறு வயசு. வாய் கொஞ்சம் நீளம். கோவம் அதை விட நீளம்.

தம்பி சசி, அதான் இதைச் சொல்ற நான், திருப்பூர்ல மாட்டிக்கிட்டேன். கொரோனா ரெண்டாவது அலையில ரூமுல இருந்தவங்க ஒவ்வொருத்தரா இருமுனாங்க. பக்கத்துப் பாயில படுத்திருந்த சுரேஷ் ஆஸ்பத்திரிக்கு நடந்து தான் போனான். திரும்பி வரல. அதுக்கப்புறம் இந்துமதி தெனமும் தண்ணித் தொட்டி மேட்டுக்கு ஏறுவா. டவர் கிடைக்கற எடம் அது ஒண்ணு தான்.

"ஈ-பாஸ் கெடச்சுருச்சு தானே? வந்துர்றா. அங்க என்னத்துக்கு ஒத்தையா கெடக்குற?"

"வந்து அம்மாவுக்கு ஒட்ட வெக்கவா? அம்மாவுக்கு ஊசி போட்டாச்சுன்னு சொல்லு. மறுநாள் நான் அங்க நிப்பேன்."

"நான் என்ன ஊசிய மடியில முடிஞ்சு வெச்சிருக்கனா?"

"அக்கா, நீ சுரேஷைப் பாக்கல. நான் பாத்தேன்."

இந்துமதி போனை இடுப்புல சொருகிட்டு எறங்கிருவா. எறங்கும்போது தேயிலைச் செடிய கம்பால அடிச்சுக்கிட்டே எறங்குவா.

அவ கோவத்துல என்ன தப்பு இருக்கு? நாட்டையே பூட்டுனாங்க, தேயிலைய மட்டும் பூட்டல. டீத்தூளு அத்தியாவசியமாம். அதைப் பறிக்கறவ அத்தியாவசியத்துல வரலியாம். ஊசி வந்ததும் மொதல்ல பங்களாவுக்கு. அப்புறம் ஆபீஸுக்கு. அப்புறம் பாக்டரியில நிரந்தரத்துல இருக்கறவங்களுக்கு. லயத்து சனத்துல முக்காவாசி டெம்பரவரி, அவங்களைக் கேட்டா "அடுத்த ரவுண்டு". டவுனுக்குப் போயி போட்டுக்கலாம்னு ஒரு நாள் அம்மாவைக் கைத்தாங்கலா நடத்தி, பால் வண்டியில கெஞ்சி ஏத்தி, இந்துமதி கொண்டு போனா. இவங்க போறதுக்குள்ள டோக்கன் தீந்துருச்சு. போன்ல புக் பண்ணிட்டு எங்கிருந்தோ கார்ல வந்தவங்க, கையில பஞ்சை அமுக்கிட்டு வெளிய வந்து, எதுத்த கடையில டீ குடிச்சாங்க. நல்ல டீன்னு வேற பேசிக்கிட்டாங்க. அன்னக்கிளி புண்ணுக் காலோட திரும்ப மேல ஏறுனா. ஏறி வந்தவ ஒரு வாரம் எந்திரிக்கல.

ஆனி மாசம், மழை லேசா புடிச்ச சமயம். சாயங்காலம் பீல்டு ஆபீசர் பொன்ராஜ் பைக்கை நிறுத்தாமலே பிள்ளைக் காம்பரா வாசல்ல கத்திட்டுப் போனாரு: "நாளைக்கு ஊசி வண்டி இங்கயே வருது. ஆளுங்களுக்குச் சொல்லிரு."

இந்துமதி அன்னைக்கு லயம் பூரா காம்பரா காம்பராவா ஏறி எறங்குனா. எல்லாரும் "ஆகட்டும் புள்ள, ஆகட்டும்"னாங்க. அந்த "ஆகட்டும்" எப்பிடிப்பட்டதுன்னு விடிஞ்சா தான் தெரிஞ்சுது. மழைக்கு அப்புறம் கொழுந்து திமுதிமுன்னு தள்ளியிருந்துச்சு. நல்ல கொழுந்து நாள். பொம்பளைங்க எல்லாரும் கூடையோட மலைக்குப் போயிட்டாங்க. மிஞ்சுனது வேலைக்குப் போக முடியாத ஆளுங்க மட்டும். அவங்களோட அன்னக்கிளியும் வெறும் வயித்தோட வந்து பிள்ளைக் காம்பரா பெஞ்சில உக்காந்துக்கிட்டா. ஊசிக்கு முன்னாடி சாப்பிடக் கூடாதுன்னு யாரோ சொன்னதைப் பெருசா புடிச்சுக்கிட்டா.

வண்டி வந்துச்சு. ஜோவிதான்னு ஒரு நர்சம்மா. கோத்தகிரி பக்கத்துப் பொண்ணு, பேச்சு மரியாதையா இருக்கும். மூஞ்சியில தூக்கமே இல்ல. நீலப் பெட்டிய மேசையில வெச்சு, பெஞ்சைப் பாத்து, விரல் விட்டு எண்ணுனாங்க. மறுபடி எண்ணுனாங்க.

"ஒம்பது பேரு தானுங்களா?"

"ஆமாங்க சிஸ்டர்."

"இன்னொருத்தர் வேணுங்களே."

"எதுக்கு?"

"ஒரு குப்பி உடைச்சா பத்துப் பேருக்குங்க. உடைச்சுட்டா நாலு மணி நேரம் தான், வேற எடத்துக்கும் கொண்டு போகக் கூடாதுங்க. ஒரு சொட்டு வீணாப் போனாலும் மேல பதில் சொல்ல முடியாதுங்க. பத்துப் பேரு சேந்தா தான் உடைக்கச் சொல்லியிருக்காங்க."

இந்துமதி சட்டுனு கைய மடக்கி நீட்டுனா. "இந்தாங்க, பத்தாவது கை. போடுங்க."

"உங்களுக்கு என்ன வயசுங்க?"

"இருபத்தி ஆறு."

"இது நாப்பத்தஞ்சுக்கு மேல இருக்கறவங்களுக்கு வந்த சரக்குங்க. உங்க வயசுக்கு வேற சரக்கு. அது இன்னும் வரலீங்க."

"மருந்து வேறயா?"

"மருந்து ஒண்ணு தானுங்க. கணக்கு வேற."

பெஞ்சில உக்காந்திருந்த எல்லப்பன் சிரிச்சுட்டாரு. தேயிலைக்கு மருந்தடிக்கற வேலை பாத்து நெஞ்சு கெட்டுப் போன மனுசன். லயத்துல நல்லதுக்கும் கெட்டதுக்கும் மோளம் அடிக்கறது அவரு தான். "ஏம்மா, இந்தப் புள்ளை இன்னும் பத்தொம்பது வருசம் கழிச்சு வரணும்ங்கறீங்களா? அதுவரைக்கும் குப்பி கெடாதா?"

நர்சம்மா வெளிய ஓடையப் பாத்தாங்க. தண்ணி கலங்கலா ஏறிட்டு இருந்துச்சு. "டிரைவர் அண்ணன் மழை வலுத்தா பாலத்தைத் தாண்ட மாட்டாருங்க. இன்னும் ஒரு லயம் இருக்கு. கொஞ்ச நேரம் தான் நிக்க முடியும். ஒரே ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க, எல்லாருக்கும் போட்டுர்றேன்."

அன்னக்கிளி கை நடுங்குச்சு. நெத்தி வேர்த்துச்சு. சக்கரை எறங்கிருச்சுன்னு பாத்ததுமே இந்துமதிக்குத் தெரிஞ்சுது. "அம்மா, நீ ஊட்டுக்குப் போயி ரெண்டு வாய் தின்னுட்டு வா. அதுக்குள்ள ஆளைக் கொண்டாறேன்"னு அவளை அனுப்பி வெச்சுட்டு, கொழந்தைகளை டிரைவரைப் பாத்துக்கச் சொல்லிட்டு, செருப்பு கூடப் போடாம மலைக்கு ஓடுனா.

மலையில நிறுவை நேரம். காலையில எடுத்த கொழுந்தை சாக்குல கட்டி, தராசுல தொங்க விட்டு எடை போடற நேரம். பொன்ராஜ் குடைக்கு அடியில நின்னுட்டு இருந்தாரு.

"சார், ஒரே ஒரு ஆளு. நாப்பத்தஞ்சுக்கு மேல. அரை மணி நேரம்."

"நிறுவை முடியட்டும்."

"அதுக்குள்ள வண்டி போயிரும் சார். எங்கம்மா ஊசி போகுது சார்."

"கொழுந்து வாடுனா பாக்டரியில என் சட்டையத் தான் புடிப்பாங்க. உன் அம்மா வந்து பதில் சொல்லுமா? சும்மா நை நைங்காத, போ."

இந்துமதி அவரை விட்டுட்டு பொம்பளைங்க பக்கம் திரும்புனா. சாக்கு மேல உக்காந்திருந்த மருதாம்பாளைப் புடிச்சா. ஐம்பது தாண்டுனவ. அன்னக்கிளிகூட ஒரே நிரையில, ஒரே செடி வரிசையில, இருபது வருசம் கொழுந்து எடுத்தவ.

"அத்தை, நீயாவது வா."

"ஊசி போட்டா ரெண்டு நாளு காச்சல் அடிக்குமாமே. இந்தக் கொழுந்துல ரெண்டு நாளு படுத்தா எனக்கு யாரு பேரு போட்டுக் கூலி குடுப்பா? ஒன் நர்சம்மாவா?"

"எங்கம்மாவுக்காக வா அத்தை."

"ஒங்கம்மாவுக்கு நான் கிட்னி வேணா குடுப்பேன்டி. நிறுவை நேரத்துல சாக்கை விட்டுட்டு வரமாட்டேன். நான் நவுந்தா என் கொழுந்துல பாதி எவ சாக்குலயாவது போயி உக்காந்துக்கும்."

பொம்பளைங்க சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு தான் இந்துமதிய வெட்டிருச்சு. ஒரு மலை பூரா ஆளு இருக்கு, அதுல ஒரு கை கெடைக்கல. கீழ ஒரு குப்பி இருக்கு, அதை உடைக்க ஒரு கை கொறையுது. அவ திரும்பி எறங்கும்போது கண்ணுல தண்ணியில்ல. பல்லைக் கடிச்சதுல தாடை வலிச்சுது.

எறங்கி வந்தா, டிரைவர் வண்டியத் திருப்பி நிறுத்தியிருந்தாரு. நர்சம்மா பெட்டிக்குப் பட்டி மாட்டிட்டு இருந்தாங்க. பெஞ்சில இருந்தவங்க யாரும் எந்திரிக்கல. எந்திரிச்சா ஊசி போயிரும்ங்கற மாதிரி, பெஞ்சைக் கையால புடிச்சுட்டு உக்காந்திருந்தாங்க. அதைப் பாத்தப்ப தான் இந்துமதிக்கு அந்த நெனப்பு வந்துச்சு.

"எல்லப்பன் மாமா, ஒன் மோளம் ஊட்டுல தானே இருக்கு?"

"இருக்கு. எதுக்கு?"

"எடுத்துட்டு வந்து அடி."

"பெரட்டு மோளமா?" பெரட்டுன்னா காலையில வேலைக்கு ஆள் எடுக்கறது. சிலோன்ல அதுக்கும் மோளம் உண்டாம்.

"பெரட்டு மோளத்துக்கு எவ வருவா? வந்தாலும் அந்த பொன்ராஜ் விடுவாரா? சாவு மோளம் அடி."

பெஞ்சே திரும்பிப் பாத்துச்சு. எல்லப்பன் சிரிக்கல இப்ப.

லயத்துல அது ஒரு கட்டு. சிலோன்ல தொரைமாரு சவுக்கோட நின்ன காலத்துலயே, சாவு மோளம் கேட்டா கூடைய எறக்கி வெச்சுட்டு சனம் எறங்கிரும். எந்தத் தொரையும் தடுத்ததில்ல. தடுத்தா மறுநாள் ஒருத்தனும் மலை ஏற மாட்டான். இங்க வந்தும் அதை யாரும் மாத்தல. கொழுந்து வாடுனாலும் சரி, நிறுவை பாதியில நின்னாலும் சரி. கல்யாணத்துக்கு லீவு இல்ல, காச்சலுக்கு லீவு இல்ல, சாவுக்கு மட்டும் கேக்காமயே உண்டு.

"செத்த ஆளில்லாம அந்த அடி அடிக்கக் கூடாது புள்ள. அது ஆளைத் தேடும்பாங்க."

"அது இப்ப தேடாம சும்மாவா இருக்கு? திருப்பூர்ல தேடுது, டவுன்ல தேடுது. இங்க மட்டும் வழி தெரியாம நிக்குதா? மாமா, நீ அடிக்கலன்னா நானே அடிக்கறேன். எனக்கு அடவு தெரியாது, தகரத்தைத் தட்டுன மாதிரி தட்டுவேன். அசிங்கம் ஒனக்குத் தான்."

எல்லப்பன் தன் உள்ளங்கையத் திருப்பிப் பாத்தாரு. "இந்தக் கையி இத்தனை வருசம் செத்தவனுக்குத் தான் அடிச்சுது. இருக்கறவனுக்கு ஒரு தடவ அடிச்சுப் பாப்பமே"ன்னு எந்திரிச்சு போனாரு. மோளத்தோட வந்தப்ப, தோலைக் காய வெக்க நெருப்பு மூட்ட நேரமில்ல. டிரைவரு பேப்பரைக் கொளுத்திக் குடுத்தாரு. பாவம், எதுக்குன்னு அவருக்குத் தெரியாது.

அடி விழுந்துச்சு. ஈரக் காத்துல மலை பூரா ஓடுச்சு.

மேல தராசு நின்னுருச்சு. யாரும் யாரையும் கேக்கல. சாக்கை அப்பிடி அப்பிடியே போட்டுட்டு பொம்பளைங்க எறங்க ஆரம்பிச்சாங்க. லயத்துல யாரு சீக்கு? அன்னக்கிளி. அப்ப வேற யாரு செத்திருக்கப் போறா? இந்துமதி வேற இப்ப தான் "எங்கம்மா எங்கம்மா"ன்னு அழாக்கொறையா வந்து நின்னா, நாம சிரிச்சு அனுப்புனோம்னு மருதாம்பாள் மாரடிச்சுக்கிட்டே ஓடி வந்தா. பிள்ளைக் காம்பரா பக்கம் ஒருத்தியும் திரும்பல. எல்லாரும் நேரா ஓரத்துக் காம்பராவுக்கு.

"என் நிரைக்காரியே! என்னை விட்டுட்டுப் போனியேக்கா! கூப்புட்டுச்சே ஒம் புள்ள, நான் வல்லியே..."ன்னு மருதாம்பாள் வாசல்ல விழுந்து ஒப்பாரியத் தொடங்கிட்டா. பின்னால வந்தவங்க அவ கழுத்தைக் கட்டிட்டு சேந்து எடுத்தாங்க.

அன்னக்கிளி கையில சோத்துத் தட்டோட வெளிய வந்தா.

"யாருடி செத்தது?"

மருதாம்பாள் நிமிந்து பாத்து, வாயப் பொளந்தவ மூடல. "நீதான்க்கா."

"நானா?"

"மோளம் அடிச்சுதேக்கா!"

யாரோ ஒருத்தி சிரிச்சுட்டா. அப்புறம் யாரும் சிரிக்கல. அன்னக்கிளி தட்டைக் கீழ வெச்சா. கையக் கழுவல. சோத்துக் கையோட, கூட்டத்தை வெலக்கிட்டு, மோளச் சத்தம் வந்த தெசைக்கு நடந்தா. கூட்டமும் பின்னாலயே வந்துச்சு.

பிள்ளைக் காம்பரா முன்னாடி இந்துமதி நடுவுல நின்னா. "யாரும் சாவல! யாரும் சாவக் கூடாதுன்னு தான் அடிக்கச் சொன்னேன். நாப்பத்தஞ்சுக்கு மேல இருக்கறவங்க ஒருத்தர் வாங்க, ஒரே ஒருத்தர்! திட்டறதெல்லாம் கைய நீட்டிக்கிட்டே திட்டுங்க!"

திட்டுனாங்க. இங்க சொல்லக் கூடாத வார்த்தையில எல்லாம் திட்டுனாங்க. பைக்குல வந்து எறங்குன பொன்ராஜும் தன் பங்குக்கு "அரை நாள் போச்சு, யாருக்கும் பேரு கெடையாது"ன்னு கத்துனாரு. ஆனா நர்சம்மா பட்டியக் கழட்டி, பெட்டியத் தொறந்து, குப்பிய உடைச்சுட்டாங்க. பெஞ்சில இருந்த மொத ஆளுக்கு ஊசி ஏறுச்சு. பாத்தாங்க எல்லாரும். அவரு சாவல. எறும்பு கடிச்ச மாதிரி இருக்குன்னாரு. மலையில வெச்சு சிரிச்ச அதே பொம்பளைங்க ஜாக்கெட்டு கையச் சுருட்டிக்கிட்டு முன்னால வந்தாங்க. எறங்கினது எறங்கியாச்சு, பேரும் போச்சு, ஊசியாவது மிஞ்சட்டும்னு தான். தள்ளு முள்ளு ஆயிருச்சு.

"ஏனுங்க, தள்ளாதீங்க! ஒரே குப்பி தாங்க இருக்கு!"

அந்தச் சத்தத்துல இந்துமதி நர்சம்மா பக்கம் திரும்புனா. "என்ன சொன்னீங்க?"

"இந்தப் பக்கத்துக்கு ரெண்டு குப்பி தாங்க குடுத்தாங்க. ஒண்ணு வழியில முடிஞ்சிருச்சு. இது ஒண்ணு தான். இங்க பத்துப் பேரு சேரலன்னா இதையே அடுத்த லயத்துக்குக் கொண்டு போகச் சொன்னாங்க."

"ஒருத்தரு கொறையுதுன்னு மூட்டை கட்டுனீங்க. இப்ப இத்தனை பேரு நிக்கறோம், மருந்து இல்லங்கறீங்க. நாங்க எப்பிடி இருந்தா தான் உங்களுக்கு ஆகும்? கொறஞ்சாலும் தப்பு, கூடுனாலும் தப்பு. சரியா பத்துப் பத்தா பொறக்கணுமா? பத்துப் பத்தா சாகணுமா?"

நர்சம்மா கையில ஊசியோட நின்னாங்க. கண்ணு கலங்கிருச்சு. "எனக்குக் குடுத்ததைத் தானுங்க நான் கொண்டு வர முடியும். நானும் பிச்சை எடுக்கற மாதிரி தான் வாங்கிட்டு வர்றேன்."

அந்த நேரம் கூட்டத்தை வெலக்கிட்டு அன்னக்கிளி வந்து சேந்தா. நர்சம்மா அவளைப் பாத்ததும் "வாங்கம்மா, உங்களுக்குத் தான் அடுத்தது"ன்னாங்க. அன்னக்கிளி அந்தப் பக்கம் பாக்கவே இல்ல. நேரா வந்து, சோறு ஒட்டுன கையாலயே இந்துமதிய அறைஞ்சா. லயம் பூரா பாத்துக்கிட்டு நிக்கும்போது.

"என் வாசல்ல வந்து எனக்கு ஒப்பாரி வெக்கறாளுகடி. என் காதாலயே கேட்டேன்."

"உனக்குத் தான்மா ஊசி. உனக்காகத் தான் அடிச்சேன். போட்டுக்க, அப்புறம் இன்னும் நாலு அறை அறை."

"எனக்குத் தான் மோளம் அடிச்சாச்சே. செத்தவளுக்கு எதுக்குடி ஊசி?"

திரும்பிப் போயி கதவை அடைச்சுக்கிட்டா. இந்துமதி கதவுல கைய வெச்சு எவ்வளவு அடிச்சா, எவ்வளவு கெஞ்சுனா. "சசி வரணும்மா, நீ போட்டா தான் அவன் வருவான்"னு கூட சொல்லிப் பாத்தா. கதவு தொறக்கல. எல்லப்பன் வந்து "நான் அடிச்சது தான் தங்கச்சி தப்பு, என் கை தப்பு"ன்னாரு. அதுக்கும் தொறக்கல. நர்சம்மா நனைஞ்சுட்டே வாசல் வரைக்கும் வந்து நின்னாங்க. டிரைவர் ஹாரனை அடிச்சுட்டே இருந்தாரு, பாலத்துப் பலகைய தண்ணி தொட்டுருச்சு. தொறந்த குப்பி, உள்ள ஒரே ஊசி, காத்திருக்காது.

அந்த ஊசி மருதாம்பாளுக்குப் போச்சு. பக்கத்துல நின்னவ அவ தான். போட்டுட்டு, பஞ்சை அமுக்கிக்கிட்டு அழுதா, ஊசி வலிச்சதுக்கு யாரும் அப்பிடி அழ மாட்டாங்க. "ஒங்கம்மாவோடத நான் வாங்கிட்டேன்டி, ஒங்கம்மாவோடத நான் வாங்கிட்டேன்"னு இந்துமதி கையப் புடிச்சுட்டு விடல. நிறுவையில கூப்புட்டப்பவே அவ வந்திருந்தா மோளமே அடிச்சிருக்க வேண்டியதில்லன்னு இந்துமதி வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. வண்டி பாலத்தைத் தாண்டுறதையே பாத்துக்கிட்டு நின்னா.

குரூப்புல உங்களுக்கு வந்து சேந்த கதை இத்தோட முடிஞ்சிருச்சு. அதுக்கு மேல நடந்தது தான் பெரிய அக்கிரமம்.

அடுத்த வாரம் வண்டி வரல. அதுக்கடுத்த வாரமும் வரல. இந்துமதி பொன்ராஜைக் கேட்டா. "உங்க லயத்துல தான் ஊசிக்கு எதிர்ப்பாச்சே. ஊசி போட வந்தா சாவு மோளம் அடிச்சு ஆளுங்களைப் பயமுறுத்தறீங்க, வண்டிய மறிச்சீங்க. அப்பிடித் தான் மேல போயிருக்கு"ன்னாரு.

"யாரு சார் சொன்னது?"

"யாரோ சொன்னாங்க."

யாரோ யாருன்னு அவரு மூஞ்சியிலயே தெரிஞ்சுது. அரை நாள் கொழுந்து வாடுனதுக்கு அவருக்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்திருக்கும். சொல்லிட்டாரு. லயம் பூரா கைய நீட்டிட்டு நின்ன சனம், எழுத்துல ஊசி வேண்டாம்னு சொன்ன சனமாயிருச்சு. இப்ப அதே மோளத்தைக் காரணம் காட்டி வண்டி இங்க வராம பக்கத்து லயத்துக்குப் போகுது, பாலத்தடி வரைக்கும் வந்து திரும்பிப் போகுது. நர்சம்மாவுக்கு இந்துமதி போன் பண்ணுனா. "நான் சொல்லிட்டுத் தானுங்க இருக்கேன். யாரும் மறிக்கல, நான் தான் அங்க நின்னேன்னு சொல்லிட்டேன். என் பேச்சுக்கு அவ்வளவு தான் மதிப்புங்க. ரூட்டுல உங்க லயத்தை எடுத்துட்டாங்க"ன்னு அந்தம்மா அழுதுட்டாங்க. அவங்க மேலயும் கோவப்பட முடியல. கோவம் இருக்கு, வெக்கறதுக்குத் தான் எடம் இல்ல.

அன்னக்கிளி பத்து நாளைக்கு மகக்கிட்ட பேசல. சோறு வெச்சா தின்பா, மாத்திரை குடுத்தா போடுவா, மூஞ்சியப் பாக்க மாட்டா. அப்புறம் ஒரு நாளு மதியம், யாரும் சொல்லாம, புண்ணுக் காலோட தண்ணித் தொட்டி மேட்டுல, டவர் லேசா எட்டற பாதி வரைக்கும் ஏறி உக்காந்துட்டா. இந்துமதி ஓடிப் போயி பாத்தா, மூச்சு வாங்கிட்டு, "போனைக் குடு"ங்கறா.

"சசி, சாமி, எப்பய்யா வருவ?"

"நீ ஊசி போட்டதும் வர்றேன்மா."

"அங்க சோறு எல்லாம் இருக்கா?"

"இருக்கும்மா."

"பொய் சொல்லாத. குரலே உள்ள போயிருச்சு." அன்னக்கிளி புண்ணுக் காலை நீட்டி உக்காந்துக்கிட்டா. "சரி, அந்த வண்டிய வரச் சொல்லு. நான் போட்டுக்கறேன். உங்கக்காவை அறைஞ்சது தப்பு தான், அதை அவகிட்ட சொல்லாத." பக்கத்துலயே நின்னுட்டு இருந்தா இந்துமதி.

இப்ப அவ தயார். லயமே தயார். மருதாம்பாள் ஒரு நாள் காச்சல்ல படுத்துட்டு எந்திரிச்சு கொழுந்துக்குப் போயிட்டா, அதைப் பாத்ததுல மிச்சம் இருந்த பயமும் போச்சு. ஓடைக்கு அந்தப் பக்கம் ஜீப்பு சத்தம் கேட்டா அன்னக்கிளி கதவைப் புடிச்சுட்டு வெளிய வந்து நிக்கறா. சத்தம் பாலத்தடியில திரும்பிப் போகுது. நேத்து கீழ் வரிசையில ஒருத்தருக்கு இருமல் தொடங்கிருச்சுன்னு இந்துமதி போன்ல சொன்னா. சொல்லிட்டு, "நீ வராத, அங்கயே இரு"ன்னு வெச்சுட்டா. மொத தடவையா அவளே வராதங்கறா.

அதனால படிக்கறவங்க யாரா இருந்தாலும், சொந்தமோ வேத்தாளோ, ஒண்ணே ஒண்ணு. இந்துமதிய திட்டறதை நிறுத்துங்க. அதுக்குச் செலவழிக்கற நேரத்துல ஆஸ்பத்திரியிலயோ பஞ்சாயத்துலயோ கலெக்டர் ஆபீஸ்லயோ உங்களுக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தருக்குப் போன் போடுங்க. தேவர்சோலைக்கு மேல தீவு லயம்னு சொல்லுங்க. அங்க யாரும் ஊசிய வேண்டாங்கல, யாரும் வண்டிய மறிக்கலன்னு சொல்லுங்க. ஆளு எத்தனை நின்னாலும் குப்பிய உடைக்கச் சொல்லுங்க. அன்னக்கிளின்னு ஒரு அம்மா அங்க இருக்காங்க, அவங்களுக்கு ஊசி போடணும். இந்த வாரத்துலயே வண்டிய பாலம் தாண்டி அனுப்பச் சொல்லுங்க.